பின்னேர வேட்டை: மெரிலேண்ட்ஸ் பிள்ளைகளும் புதர் வான்கோழியும்

சிட்னியில் துவக்கு இல்லாமலும் வேட்டைக்குப் போகலாம். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி முடிந்து, மத்தியானச் சாப்பாடும் ஆனபிறகு, மெரிலேண்ட்ஸிலிருந்து இரண்டு காரில் ஏழு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நாங்கள் போய்வருவது அப்படியான வேட்டைக்குத்தான். தேடிப் போவது ‘பிரஷ் டர்க்கி’ என்று இங்கே எல்லாரும் சொல்லும் புதர் வான்கோழியை. கையில் இருப்பது இரண்டு பைனாகுலர், ஒரு பழைய கமரா, பெரியவர்களின் ஃபோன்கள், ஒரு பை நிறைய ரோல்ஸ்.

கறுத்த உடம்பு, மொட்டைச் சிவப்புத் தலை, கழுத்தில் மஞ்சள் நிறத்தில் தொங்கும் சதை, பக்கவாட்டில் தட்டையாக நிமிர்ந்து நிற்கும் வால். வட சிட்னியில் இருப்பவர்களுக்கு இதை அறிமுகம் செய்யத் தேவையில்லை. திட்டுவதற்கே அவர்களுக்கு நேரம் போதாது. மேற்கில், எங்கள் பக்கத்தில், இன்னும் பலர் அதை நேரில் கண்டதில்லை.

பெயரில் வான்கோழி என்று இருந்தாலும், நத்தாருக்கு அடுப்பில் வைக்கும் அமெரிக்க வான்கோழிக்கும் இதற்கும் நெருங்கிய உறவு இல்லை. இது ‘மெகாபோட்’ என்ற பெருங்கால் கோழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தியாவில் இதற்கு ஒரு சொந்தக்காரர் உண்டு: நிக்கோபார் தீவுகளில் வாழும் நிக்கோபார் மெகாபோட். 1821ல் ஜோன் லேதம் என்ற ஆங்கிலப் பறவையியலாளர் இதை முதலில் விவரித்தபோது, மொட்டைத் தலையைப் பார்த்துக் கழுகு இனம் என்று எண்ணி, ‘நியூ ஹொலண்ட் கழுகு’ என்று எழுதிவைத்தார். இன்றைக்கும் இதன் விஞ்ஞானப் பெயரில், ‘அலெக்டுரா லேதமி’ என்று, அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குழப்பம் அதோடு நிற்கவில்லை. நாட்டின் உட்பகுதிக்குப் போய் ‘புஷ் டர்க்கி’ என்று கேட்டால் வேறொரு பறவையைக் காட்டுவார்கள். அது புல்வெளியில் நடக்கும் பஸ்டர்ட். தமிழில் கானமயில் என்று நாங்கள் சொல்லும் பறவையின் நெருங்கிய இனம். மூதுரையில் மயிலைப் பார்த்து ஆடப்போன வான்கோழியைத் தமிழ்ப் பள்ளியில் படித்த ஒரு பிள்ளை, “அதுதானா இது?” என்று காரில் கேட்டாள். இல்லை. ஆனால் இந்தப் பறவை எவரைப் பார்த்தும் ஆடப்போகிற ஆள் இல்லை, அதற்கு வேலை அதிகம்.

இந்த வேட்டை தொடங்கியதற்குக் காரணம் எங்கள் கூட்டத்தின் மூத்த பெடியன். பன்னிரண்டு வயது. அவனுடைய வகுப்பு நண்பன் ஒருவன் விடுமுறைக்கு மாமனின் பண்ணைக்குப் போய் முயல் சுட்டதாக வந்து சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகு இவனுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. யூடியூபில் அமெரிக்கச் சிறுவர்கள் வான்கோழி வேட்டைக்குப் போகும் வீடியோக்களைப் பார்த்துத் தள்ளினான். அங்கே பல மாநிலங்களில் சிறுவர்களுக்கென்றே தனி வேட்டை நாட்கள் இருக்கின்றன. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். சில மாநிலங்களில் வசந்தகால வேட்டை நண்பகலோடு நிறுத்தப்படும். 1937ல் கொண்டுவந்த ஒரு சட்டப்படி, துவக்குக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் வரி காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது. அழிவின் விளிம்புக்குப் போன காட்டு வான்கோழியை அங்கே திரும்பப் பெருக்கியதில் அந்தப் பணத்துக்கும் பங்குண்டு. வேட்டைக்காரனே பறவையைக் காப்பாற்றப் பணம் கட்டுகிறான். எனக்கு இது விளங்க நேரம் எடுத்தது, பெடியனுக்கு உடனே விளங்கிவிட்டது.

“அப்ப எங்களுக்கும் ஏன் ஏலாது?” என்றான்.

இந்தக் கேள்விக்கு வீட்டில் பதில் வைத்திருப்பது நல்லது. நியூ சவுத் வேல்ஸில் நாட்டுக்குரிய பறவைகள் எல்லாமே சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன. புதர் வான்கோழியைக் கொல்வதும், காயப்படுத்துவதும், அதன் முட்டையை எடுப்பதும் குற்றம். 1996ல் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபிறகு துவக்குச் சட்டங்கள் நாடு முழுக்க இறுகின. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட துவக்குகளை அரசு பணம் கொடுத்து வாங்கி அழித்தது. இந்த மாநிலத்தில் ஏர் ரைபிளும் துவக்குத்தான், லைசென்ஸ் வேண்டும். நீர்க்குண்டு சுடும் ஜெல் பிளாஸ்டரும் அப்படியே. கோல்ட் கோஸ்ட்டுக்கு விடுமுறைக்குப் போகிறவர்கள் கவனம்: குயின்ஸ்லாந்துக் கடையில் விற்பனைக்கு இருப்பது, எல்லை தாண்டி இங்கே வந்ததும் ஆயுதமாகிவிடும். கெற்றப்போல் கூடத் தடைசெய்யப்பட்ட ஆயுதப் பட்டியலில் இருக்கிறது. பிள்ளை விளையாடுவதற்கு வீட்டில் செய்துகொடுத்தால் மட்டும் விலக்கு. அந்த விலக்கை எழுதிய அதிகாரி சின்ன வயதில் கொய்யா மரக் கவட்டை வெட்டியவராகத்தான் இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். இங்கே கொய்யா இல்லையென்றால் வேறேதோ மரம்.

கெற்றப்போல் என்றதும் எங்கள் தாத்தாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் என் சொந்தத் தாத்தா இல்லை, நண்பனின் தகப்பன். எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் தாத்தா. வன்னியில் பிறந்து வளர்ந்தவர். பட்டினிக் காலத்தில் காட்டுக்கோழியும் மரையும் தேடிக் காட்டுக்குள் போனவர். கட்டுத்துவக்கில் கால் இழந்த ஆட்களையும் தெரியும், கட்டுத்துவக்குக் கட்டிய ஆட்களையும் தெரியும். மெரிலேண்ட்ஸில் அவருடைய நாள் என்பது ஸ்டேசன் வரை நடப்பது, மரக்கறிக் கடையில் விலை பார்ப்பது, திரும்பி வந்து செய்தி கேட்பது. பேரப்பிள்ளைகளோடு கதைக்க அவருக்கு இங்கிலீஷ் போதாது, அவர்களுக்குத் தமிழ் போதாது. “வேட்டைக்கு வாறியளோ?” என்று நான் கேட்டபோது முகத்தில் வந்த வெளிச்சம், துவக்கு இல்லை என்றதும் பாதி அணைந்தது. ஆனாலும் தொப்பியைப் போட்டுக்கொண்டு காரில் ஏறினார்.

முதல் பயிற்சி மெரிலேண்ட்ஸ் வெஸ்டில் உள்ள சென்ட்ரல் கார்டன்ஸில். அங்கே புதர் வான்கோழி தேடவில்லை. குளத்து வாத்தும், குப்பைத் தொட்டியைக் கிளறும் வெள்ளை ஐபிஸும் போதும், கண்ணையும் காலையும் பழக்க. ஓடாமல் நடப்பது, கை நீட்டிக் கத்தாமல் மெதுவாகச் சொல்வது, பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு பறவையைத் தேடாமல், பறவையைப் பார்த்தபடியே பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுபோவது. இந்தக் கடைசி விஷயம் பெரியவர்களுக்கும் வராது. ஆறு வயதுக்காரி ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள்.

உண்மையான வேட்டை வெஸ்ட் பெனன்ட் ஹில்ஸில், கம்பர்லாண்ட் ஸ்டேட் ஃபொரஸ்டில். கம்பர்லாண்ட் என்றவுடன் எங்கள் கவுன்சில் என்று எண்ணவேண்டாம், அது வேறு இது வேறு. 1938ல் வனத்துறை வாங்கிய சுமார் 40 ஹெக்டேர் காடு. மெரிலேண்ட்ஸிலிருந்து அரை மணித்தியால ஓட்டம். லேன் கோவ் நேஷனல் பார்க்குக்கும் போகலாம். அங்கே பிக்னிக் மேசைக்கே பறவை வந்து நிற்கும். அதனால் வேட்டை என்ற சுவை கொஞ்சம் குறைவு. காருக்கு நுழைவுக் கட்டணமும் உண்டு.

நாங்கள் பின்னேரத்தைத் தெரிவுசெய்தது தமிழ்ப் பள்ளி காலையில் இருப்பதால்தான். அது நல்லதாகப் போயிற்று. மூன்று, நாலு மணிக்கு வெயில் சாயும்போது பறவை திரும்பவும் இரை கிளறத் தொடங்கும். இருட்டுவதற்கு முன் மரத்தில் ஏறிவிடும். அவ்வளவு பாரமான உடம்போடு கிளைக்குக் கிளை தொத்தி ஏறுவதைப் பார்ப்பது பிள்ளைகளுக்கு ஒரு தனிப் படம்.

அன்று நாங்கள் இறங்கி இருபது நிமிடம் நடந்தும் ஒன்றும் இல்லை. மூத்தவன் ஃபோனை எடுத்துவிட்டான். சின்னவர்கள் ரோல்ஸ் கேட்டார்கள். தாத்தா மட்டும் பாதையோரத்தில் குந்தியிருந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைக் காட்டினார். காய்ந்த சருகு எல்லாம் ஒரே பக்கமாக இழுபட்டிருந்தது, யாரோ ரேக் போட்டு வாரியதுபோல. “கோழி பின்னால தள்ளிக்கொண்டு போயிருக்கு. இந்தப் பக்கம்தான் போகும்,” என்றார். அவர் முன்னுக்கு, பிள்ளைகள் பின்னுக்கு. எவருக்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

அறுபது எட்டுக்குள் மேடு தெரிந்தது. நாலு மீட்டர் குறுக்களவு இருக்கும், மூத்தவனின் நெஞ்சளவு உயரம். மேலே ஆண்பறவை நின்று காலால் வாரி எறிந்துகொண்டிருந்தது. மேட்டைக் கட்டுவது ஆண்தான். இரண்டரைக் கிலோ உடம்பை வைத்துக்கொண்டு இரண்டு முதல் நாலு தொன் வரை சருகும் மண்ணும் சேர்க்கும். ஈரச் சருகு உக்கும்போது வரும் சூட்டில் முட்டை பொரிக்கும். ஆண்பறவை சொண்டை, சில வேளை முழுத் தலையையும், உள்ளே விட்டுச் சூடு பார்க்கும். கூடினால் மேலே உள்ளதை வாரிவிடும், குறைந்தால் புதிதாகப் போடும். 34 பாகை அளவில் மாதக்கணக்காக வைத்திருக்கும். பெண்பறவை வரும், அரை மீட்டருக்கும் கூடிய ஆழத்தில் முட்டையிடும், போய்விடும். ஒரு முட்டை ஏறக்குறைய 180 கிராம். எங்கள் கோழி முட்டையைப்போல மூன்று மடங்கு. சூட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு: மேடு சற்றுக் குளிர்ந்தால் ஆண்குஞ்சு கூடுதலாகப் பொரிக்கும், சற்றுச் சூடேறினால் பெண்குஞ்சு கூடும் என்று ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள்.

இதை நான் மெல்லிய குரலில் சொல்லி முடித்தபோது தாத்தா நம்பவில்லை. “அடை கிடக்காத கோழியோ? அப்ப தாய் என்ன செய்யும்?” என்றார். ஒன்றும் செய்யாது என்றேன். தகப்பனும் மேட்டைத்தான் பார்க்கும், குஞ்சைப் பார்க்காது. அவர் தலையை ஆட்டிக்கொண்டே அரை மணித்தியாலம் அந்த ஆண்பறவையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூத்தவனும் பக்கத்திலேயே நின்றான். தாத்தா அவனுக்குக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். பறவைக்கு மணம் அவ்வளவு முக்கியமில்லை, மரைக்குத்தான் முக்கியம் என்பதையும் சேர்த்துச் சொன்னார். அவனுக்கு மரை என்றால் என்னவென்று தெரியாது. அதைக் கேட்டதில்தான் அவர்களுடைய கதை தொடங்கியது. கார் வீடு போய்ச் சேரும்வரை முடியவில்லை.

வேட்டையில் தொடங்கிப் பறவை அறிஞர் ஆனவர்கள் நிறையப் பேர். சலீம் அலி பத்து, பன்னிரண்டு வயதில் பம்பாயில் விளையாட்டு ஏர் கன்னால் ஒரு குருவியைச் சுட்டார். தொண்டையில் மஞ்சள் இருந்தது. என்ன குருவி என்று மாமாவுக்குத் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே செயலாளராக இருந்த மில்லர்ட் என்ற ஆங்கிலேயர் சிறுவனைத் துரத்திவிடாமல், பெட்டி பெட்டியாகப் பாடம்செய்த பறவைகளைத் திறந்து காட்டினார், புத்தகமும் கொடுத்தார். 1985ல் சலீம் அலி எழுதிய தன்வரலாற்றின் பெயரே விழுந்த அந்தக் குருவியைப் பற்றியது. மூத்தவனுக்கு நான் இந்தக் கதையைச் சொன்னபோது அவன் கேட்டது: “அந்த மில்லர்ட் அவரைப் பேசேல்லையா?”

இந்த நாட்டில் புதர் வான்கோழி ஒரு காலத்தில் சட்டியில்தான் இருந்தது. ஆதிக்குடி மக்கள் ஆயிரக்கணக்கான வருடங்களாக மேடுகளில் முட்டை எடுத்து உண்டார்கள், பறவை குறையவில்லை. பிறகு வந்த குடியேற்றக்காரர் காட்டை வெட்டினார்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையற்ற குடும்பங்கள் இறைச்சிக்கும் முட்டைக்குமாகத் தேடித் தேடிப் பிடித்தன. சிட்னியைச் சுற்றி அநேகமாக இல்லாமலே போயிற்று. கடந்த சில பத்தாண்டுகளில்தான் வடக்குப் புறநகர்களில் திரும்பவும் தலைகாட்டி, தெற்குக்கும் மேற்குக்கும் நகர்ந்துவருகிறது. சட்டப் பாதுகாப்பு ஒரு காரணம். மற்றக் காரணம் நாங்கள்தான்: தண்ணீர் விட்ட தோட்டம், கடையில் வாங்கிக் கொட்டிய மல்ச், மேசைக்கு அடியில் விழும் சாப்பாடு.

இங்கேதான் தமிழ்க் குடும்பங்களுக்குப் பிரச்சினை வருகிறது. வடக்கே இருக்கும் எங்கள் உறவுக்காரர் ஒருவர் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் பிரியமாக மல்ச் போட்டு வைத்திருந்தார். ஒரே நாளில் எல்லாவற்றையும் வேலியோரத்துக்கு வாரிக்கொண்டு போய்விட்டது பறவை. அவர் வாரித் திரும்பக் கொண்டுவந்தார். அடுத்த நாள் பறவை திரும்பக் கொண்டுபோனது. ஐந்து நாள் நடந்த யுத்தத்தில் ஜெயித்தது யார் என்று சொல்லத் தேவையில்லை. பிரிஸ்பேனில் கிரிபித் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த டரில் ஜோன்ஸ் போன்றவர்கள் இந்தப் பறவையைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். கட்டத் தொடங்கிய ஆண்பறவையை நிறுத்துவது லேசுப்பட்ட வேலை இல்லை என்பதில் எவருக்கும் சந்தேகம் கிடையாது. முதல் ஓரிரு நாளில், முட்டை விழுவதற்கு முன், மேட்டை நிறப்பிச் சமப்படுத்தித் தார்ப்பாய் விரித்து மூடலாம். மல்சுக்குப் பதில் பாரமான கல்லும் சரளையும் போடலாம். கறிவேப்பிலை அடியைக் கம்பி வலையால் சுற்றலாம். நிழலான பின்மூலையில் உரக்குவியல் ஒன்றை அதற்கென்று விட்டுக்கொடுத்தால், பூப்பாத்தியை விட்டு அங்கே போகவும் கூடும். பெரிய கண்ணாடி ஒன்றை நிறுத்தினால், அதில் தெரியும் எதிரியோடு சண்டை பிடித்துப் பொழுதைப் போக்கும் என்பதும் ஒரு யோசனை. எங்கள் உறவுக்காரர் கண்ணாடியும் வைத்தார். பறவை சண்டை பிடித்தது, பிறகு மல்ச்சையும் கொண்டுபோனது. முட்டை இருக்கும் மேட்டில் மட்டும் கை வைக்கவேண்டாம், அது குற்றம்.

தை மாதம் போனபோதுதான் குஞ்சைக் கண்டோம். ஏறக்குறைய ஏழு வாரம் மண்ணுக்குள் கிடந்து, பொரித்தபிறகு இரண்டு நாள் வரை தானே தோண்டிக்கொண்டு மேலே வரும். வந்த அன்றே ஓடும், சில மணித்தியாலத்தில் பறக்கவும் செய்யும். மண்ணிறத்தில், காடை அளவில், பாதையைக் குறுக்காகக் கடந்துபோனது. தனியே. ஆறு வயதுக்காரி அழத் தொடங்கிவிட்டாள். “அதின்ர அம்மா எங்க? வீட்ட கொண்டுபோவம்.” மூத்தவன் குஞ்சுகளில் மிகச் சிலதான் தப்பும், மற்றவற்றைப் பூனையும் நரியும் கோவானா உடும்பும் பிடித்துவிடும் என்று படித்ததை ஒப்புவித்து நிலைமையை இன்னும் மோசமாக்கினான்.

தாத்தா அவளைத் தூக்கிக்கொண்டார். “தாய் தகப்பன் இல்லாமல் வந்து ஆளான பிள்ளையள் எத்தினை பேரை நான் கண்டிருக்கிறன், அம்மாச்சி,” என்று மட்டும் சொன்னார். அவளுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. எங்களில் இரண்டு பேர் மரத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டோம்.

தனியே நிற்கும் குஞ்சைத் தூக்கக்கூடாது என்பது முக்கியம். கைவிடப்பட்டது என்று நினைத்து நல்ல மனதோடு பலர் எடுத்துவிடுகிறார்கள். இந்த இனத்தில் எல்லாக் குஞ்சும் அப்படித்தான் வாழ்க்கையைத் தொடங்குகிறது. காயப்பட்டிருந்தால், பூனை கவ்வியிருந்தால், நீச்சல் குளத்தில் விழுந்திருந்தால் மட்டும் வயர்ஸ் காட்டுயிர் மீட்பு அமைப்பை 1300 094 737ல் அழைக்கலாம்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். மூடிய சப்பாத்தும் நீளக் காற்சட்டையும் வேண்டும். வட சிட்னிக் காடுகளில் பக்கவாத உண்ணி உண்டு. வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் தலைமயிருக்குள், காதுக்குப் பின்னால், கக்கத்தில் பாருங்கள், உடுப்பை நேரே சூடான டிரையரில் போடுங்கள். கோடையில் பாம்பு இருக்கும், தாத்தாமார் இருந்தால் அவர்களை முன்னால் விடலாம். கேட் மூடும் நேரம் வாசலில் எழுதியிருக்கும், அதை வாசித்துவிட்டு உள்ளே போங்கள். பறவைக்கு ரோல்ஸ் போடவேண்டாம். அது கேட்கும், போடவேண்டாம்.

கண்டதைப் பதிவுசெய்ய ‘பிக் சிட்டி பேர்ட்ஸ்’ என்ற செயலி இருக்கிறது. புதர் வான்கோழி, ஐபிஸ், கொக்கட்டூ போன்ற நகரப் பறவைகளை எங்கே, என்ன செய்துகொண்டிருக்கக் கண்டோம் என்று எவரும் பதியலாம். ஆராய்ச்சியாளர் அதைப் பயன்படுத்துகிறார்கள். சிறகில் எண் பொறித்த மஞ்சள் பட்டை கண்டால் எண்ணையும் எழுதுங்கள். மேற்கிலிருந்து வரும் பதிவுக்குத் தனி மதிப்பு உண்டு, ஏனென்றால் பறவை இந்தப் பக்கம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது அதில்தான் தெரியவரும். 2014லிருந்து ஒவ்வொரு ஒக்டோபரிலும் பேர்ட்லைஃப் அவுஸ்திரேலியா நடத்தும் நாடளாவிய பறவைக் கணக்கெடுப்பும் இருக்கிறது. வீட்டு முற்றத்தில் இருபது நிமிடம் இருந்து எண்ணினால் போதும்.

மூத்தவன் இப்போது எங்கள் குழுவின் எழுத்தன். கண்ட இடம், நேரம், ஆணா பெண்ணா, மேடு உண்டா என்று பதிவது அவன் பொறுப்பு. பண்ணைக்குப் போகும் ஆசை அவனுக்கு இன்னும் போகவில்லை, அதைப் பற்றி வீட்டில் பேச்சும் முடியவில்லை. போன மாதம் தாத்தா மெரிலேண்ட்ஸ் ஸ்டேசனுக்கு நடந்துபோன வழியில் ஒரு வேலியோரம் சருகு ஒரே பக்கமாக இழுபட்டிருந்ததாகச் சொன்னார். பூனையாக இருக்கும் என்று மகன் சொன்னான். ஆடி மாதக் கடைசியில் பறவைகள் மேடு கட்டத் தொடங்கும். அதற்குள் அந்த வேலியை ஒரு பின்னேரம் போய்ப் பார்ப்பதாக மூத்தவனும் தாத்தாவும் தங்களுக்குள் முடிவெடுத்திருக்கிறார்கள்.